கால் நனைக்க விடாதவள்

நான் வேலை பார்த்த டிராவல்ஸில் என் பேரில் வந்த புகார்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுக் கால் நனைக்க விடவில்லை என்பது. அது உண்மை. விடவில்லைதான். சில நாள் விட்டேன், சில நாள் விடவில்லை. எந்த நாள் எது என்று முடிவு செய்தது நான்.

வேலையை விட்டு எருமப்பட்டியில் மகன் வீட்டோடு இருக்கிறேன். போன ஆனி மாதம் டிராவல்ஸிலிருந்து பிரியா என்ற பெண் போன் செய்தாள். நான் செய்த டூர் மேனேஜர் வேலையை இப்போது அவள் செய்கிறாள். மழைக்காலக் கடற்கரைப் பயணம் என்று புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். ஆடி, ஆவணியில் கேரளாவில் இருக்கும் கோவளம். ஓட்டல் வாடகை பாதியாகக் குறைந்துவிடும், கூட்டம் இருக்காது, மழையில் கடலைப் பார்ப்பது ஒரு தனி அழகு என்றெல்லாம் விளம்பரம். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தைரியம் வருகிற மாதிரி நாலு வார்த்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். தைரியம் வருமா என்று எனக்குத் தெரியாது.

நான் கடல் பக்கம் பிறந்தவள் இல்லை. பதினெட்டு வயதுவரை கிணற்றைத் தவிர ஆழமான தண்ணீர் எதையும் பார்த்ததில்லை. நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். லோடெல்லாம் கேரளாவுக்குத்தான் போகும். அங்கிருந்து பேசும் வியாபாரிகளிடம் சண்டை போட்டுப் போட்டே மலையாளம் வந்துவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்த டிராவல்ஸுக்கு மலையாளம் பேசத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் குழுவாக வரும் டூருக்கு ஒரு பெண் கூட இருந்தால் நல்லது என்றும் முதலாளி நினைத்தார். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்த நேரம். என் வீட்டுக்காரர் கோழித்தீவன மில்லில் வேலை செய்தார். போய்ப் பாரு, பிடிக்கலீன்னா வந்துரு என்றார். பிடித்தது. முதல் வருஷம் ஒரு மூத்த மேனேஜரோடு போய் வந்ததைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். எந்த ஓட்டலில் பாத்ரூம் சுத்தமாக இருக்கும், எந்தக் கோவிலில் எந்நேரம் நடை சாத்துவார்கள், எவர் வாந்தி எடுப்பார் என்று முகத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான் அதில் கற்றது. கடலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணிக்கம் என்று பெயர். இப்போது இல்லை. டூர் புறப்படும் ஒவ்வொரு முறையும் முன்கண்ணாடியை அவரே பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைப்பார். கிளீனர் துடைத்திருந்தாலும் மறுபடியும் துடைப்பார். பிறகு பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். வண்டி மல்லூர் தாண்டும்வரை அங்கேயே உட்கார்ந்து வருவார். கடைசி சீட்டுக்காரருக்குத் தூக்கிப் போடுகிறதா, ஏ.சி. வருகிறதா, படம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு இறங்கி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்துச் சேலம் திரும்புவார். இதை அவர் விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. கடைசி சீட்டுக்காரரும் அதே டிக்கெட்தான் வாங்கியிருக்கிறார் என்பார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். நல்ல நாளில் என்னை "அம்மிணி" என்பார். கோபம் வந்தால் "மேடம்". அவர் மேடம் என்றால் டிரைவர்கள்கூட வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

நான் தனியாகப் பொறுப்பேற்ற இரண்டாவது வருஷம், ஆடி மாதத்தில் ஒரு நூல் மில்லிலிருந்து ஆட்களைக் கோவளத்துக்குக் கூட்டிப் போனேன். ஆடியில் போகக் கூடாது என்பதே எனக்குத் தெரியாது. கடற்கரை பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. அலைகள் மண் நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்து விழுந்தன. எல்லோரும் பயந்துபோய் மேலேயே நின்றார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் மட்டும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நுரையே இல்லாமல் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. மனைவியிடம், இங்க பாரு, இங்க அலையே இல்ல என்று சொல்லிவிட்டு அங்கே இறங்கினான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புத்திசாலிப் பையன் என்று நினைத்தேன்.

கண்ணெதிரே அவன் உள்ளே போனான். நீந்திப் போகவில்லை. நின்ற நிலையிலேயே யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி போனான். அங்கே காவலுக்கு இருந்த தாசன் என்ற லைஃப்கார்டு விசிலை வாயில் கடித்தபடியே ஓடி வந்தார். நேராக அவனை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் சுற்றிப் போய், மிதவையை அவன் கையில் கொடுத்து, அதே மாதிரி சுற்றிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். கரையில் கிடந்து வாந்தி எடுத்தபோது அவன் மனைவி முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே ஓங்கி இரண்டு அடியும் கொடுத்தாள்.

அன்று மாலை தாசனோடு உட்கார்ந்து டீ குடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பயந்து பயந்து கடைசியில் சரியாக அங்கேதான் இறங்குவார்கள் என்றார் அவர். அவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. கடல் தெரியாதவர்களை வருஷக்கணக்காக இழுத்துப் போட்டுத் தெரிந்துகொண்டவர். அவரிடமிருந்தும், அடுத்தடுத்து வந்த வருஷங்களில் அந்தப் பக்கத்து மீன்பிடிக்காரர்களிடமிருந்தும் எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கடற்கரையில் வைகாசிக் கடைசியில் காற்று திரும்பும். அதிலிருந்து ஆவணி தாண்டும்வரை கடல் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. கார்த்திகை பாதிக்கு மேல் மாசிவரை குழந்தையை நம்பி இறக்கலாம், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டுதான். ராமேஸ்வரம், வேளாங்கண்ணிப் பக்கம் கணக்கு வேறு. அங்கே ஐப்பசியும் கார்த்திகையும்தான் மோசம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, இந்தக் கடலில் நன்றாக இருந்தால் அந்தக் கடலிலும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் நம் ஆட்களில் நிறைய.

எல்லாவற்றிலும் பொல்லாதது பங்குனி, சித்திரை. மழைக்காலத்துக் கடல் தன் குணத்தை மறைக்காது, பார்த்தாலே பயம் வரும். சித்திரையில் வானம் வெளுத்துக் கிடக்கும். காற்றே இருக்காது. எங்கோ வெகுதூரத்தில், தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு, சத்தமில்லாமல் வந்து, திடீரென்று கரையேறிவிடும். திருடன் மாதிரி வருவதால் அங்கே அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். நமக்குப் பள்ளிக்கூட லீவு விடுவதும் அந்தச் சித்திரையில்தான்.

என் வழக்கம் ஒன்று உண்டு. கடல் தெரியாத இடத்தில்தான் பஸ்ஸை நிறுத்தச் சொல்வேன். ஒருமுறை கடலைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த மனிதரும் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்கள். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு நான் மட்டும் முதலில் இறங்கிப் போவேன். படகுகளை எங்கே இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்தால் நல்லது. தென்னை மரத்தடிவரை ஏற்றிப் போட்டிருந்தால் எனக்கு வேறு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் பேசாமல் நின்று கடலைப் பார்ப்பேன். சின்ன அலைகளாக வந்துகொண்டே இருக்கும், நடுவே பெரிய அலைகள் சேர்ந்தாற்போல வரும். அந்தப் பெரிய அலைகளைப் பார்க்காமல் நான் திரும்ப மாட்டேன். லைஃப்கார்டிடம் பேசுவேன். அதற்குப் பிறகுதான் பஸ்ஸுக்கு வந்து, இறங்கலாம், இன்ன இடத்தில் இறங்கலாம் என்பேன். அல்லது வேண்டாம் என்பேன்.

எல்லோரும் தண்ணீரில் இருக்கும்வரை நான் கடலைப் பார்த்துத்தான் நிற்பேன். போட்டோ எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்களைத் திருப்பி நிறுத்துவேன். அதற்காகவும் புகார் வந்திருக்கிறது. எங்கள் போட்டோவில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று.

இனி நாச்சிமுத்து ஐயாவின் டூர்.

திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். வடக்கே எங்கெங்கோ அவருடைய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சித்திரை மாதம் மகன்கள், மருமகள்கள், தம்பி குடும்பம், சம்பந்தி வீட்டார் என்று பஸ் முழுக்க ஒறம்பரையாகவே ஏற்றிக்கொண்டு கோவளத்துக்குப் புறப்பட்டார். நல்ல மனிதர். வழியில் யாரையும் பசியோடு விடவில்லை. டிரைவர் பழனிசாமிக்கும் எனக்கும் தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். பேத்தி தர்ஷினிக்கு நாலு வயது. அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. கடல்ல உன்னயத் தூக்கிட்டு நடக்கறேன் சாமி என்று நாமக்கல்லில் ஆரம்பித்துத் திருவனந்தபுரம்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸை வழக்கம்போல நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கடற்கரையில் நல்ல கூட்டம். தண்ணீர் நீலமாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. படகுகள் எல்லாம் தென்னைகளுக்கு அடியில் கிடந்தன. ஈரம் வழக்கமான இடத்தைத் தாண்டி வெகுதூரம் மேலே ஏறியிருந்தது. தாசன் சிவப்புக் கொடி நட்டிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே ஆட்கள் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். காலையிலேயே கள்ளக்கடல் என்று மீனவர் தெருவில் மைக்கில் சொல்லிவிட்டார்கள் என்றார். விசில் ஊதி ஊதி அவருடைய தொண்டையே கட்டியிருந்தது. நான் ஊதத்தான் முடியும், ஒவ்வொருத்தரையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்றார்.

திரும்பி வந்து, இன்று தண்ணீர் பக்கம் போக முடியாது, லைட் ஹவுஸ் பக்கம் மேட்டிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு மியூசியத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். பஸ்ஸில் முதலில் சிரித்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

நாச்சிமுத்து ஐயா இறங்கி நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, கொளத்து மாதிரி கெடக்குது. அத்தன சனம் நிக்குது. நாங்க நீச்சலடிக்கவா போறோம்? மொழங்கால் தண்ணி. கால நனச்சுட்டு வந்தர்றோம்."

முழங்கால் தண்ணீரில் நிற்கிறவரைத்தான் இந்த அலை தூக்கும், திரும்பும்போது அது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று சொன்னேன். கொடியைக் காட்டினேன். மேலே இழுத்துப் போட்டிருந்த படகுகளைக் காட்டினேன். அவர் படகுகளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஊரு ஊராப் போயி பூமிக்குள்ள கெடக்குற தண்ணிய வெளிய எடுத்தவன் நான். எனக்குத் தண்ணியப் பத்திச் சொல்றீங்களா?"

முதலாளிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மாணிக்கம் அண்ணன், எப்போதும் போல மெதுவாக, உட்டுருங்க அம்மிணி, பெரியவங்க பாத்துக்குவாங்க என்றார். இன்றைக்கு முடியாதுங்க அண்ணா என்றேன். "மேடம், நான் சொல்றனுங்க" என்றார். நான் மறுபடியும் முடியாதுங்க என்று சொல்லி, போனை நாச்சிமுத்து ஐயா கையிலேயே கொடுத்தேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதலாளியிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எந்த இடத்திலும் குரல் தழையவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரியவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பின்னால் மகன்கள், அவர்களுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி மற்றவர்கள். நான் ஓடிப் போய் மணல் தொடங்குகிற இடத்தில் அவருக்கு முன்னால் நின்றேன். நீங்கள் பெரியவர், உங்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை, போவதானால் போங்கள் என்றேன். பிறகு கையை நீட்டிக் குழந்தையை அவர் தோளிலிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்று நாசூக்காக எழுதுகிறேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. குழந்தை வீறிட்டு அழுதது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் மூத்த மகன் என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான். பழனிசாமி எங்கிருந்து வந்தாரோ, நடுவில் வந்து நின்றார்.

"கொழந்தையக் குடு" என்றார் பெரியவர். மரியாதை போய்விட்டது.

"நீங்க போங்கய்யா. கொழந்தையத் தர மாட்டேன்."

அந்த நேரத்தில் மருமகள் கோமதி வந்தாள். தர்ஷினியின் அம்மா. திருச்செங்கோட்டில் ஏறியதிலிருந்து அந்தப் பெண் பேசி நான் கேட்கவில்லை. என்னிடமிருந்து குழந்தையை வாங்கினாள். மாமனாரிடம் கொடுக்கத்தான் வாங்குகிறாள் என்று நினைத்தேன். அவர்கூட வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பஸ்ஸை நோக்கி நடந்தாள். ஏறி உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கூப்பிட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய ஓரகத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பிறகு சம்பந்தியம்மா. பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். மணலில் ஆண்கள் மட்டும் நின்றார்கள்.

அப்படி நின்ற பிறகு பெரியவரால் பின்வாங்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகப் போனார். தண்ணீரில் கணுக்கால் மறையும் இடத்தில் நின்றார். தாசன் மிதவையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சின்ன அலைகள் வந்தன. நடுவில் ஒன்று மட்டும் இடுப்புவரை வந்து, அவரைத் தள்ளாட வைத்துவிட்டு, செருப்பை மட்டும் கொண்டுபோனது. அவர் சமாளித்து நின்றார். போதும் என்கிற அளவுக்கு நின்றுவிட்டு, நனைந்த வேட்டியோடு நிமிர்ந்தபடி திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல" என்றார்.

ஆமாம். ஒன்றும் ஆகவில்லை. அங்கே நின்றிருந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் என்னோடு யாரும் பேசவில்லை. எனக்கும் பழனிசாமிக்கும் தனி இலைதான்.

வழியில் டீக்கடையில் நின்றபோது பழனிசாமி ஒரு செய்தி கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் கிளம்பிய பிறகு, கரையோரமாகக் கொஞ்சம் தெற்கே, ரோட்டைத் தாண்டி வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அதைப் பஸ்ஸில் போய்ச் சொல்லப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். ஏக்கா, இப்ப சொன்னாத்தான நம்ம பக்கம் நாயம்னு தெரியும் என்றார். தண்ணீர் வீட்டுக்குள் வந்ததாலா நான் சொன்னது சரி? வராமல் போயிருந்தால் தப்பாகிவிடுமா? படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள், கொடி நட்டிருந்தார்கள், மைக்கில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்து வேண்டாம் என்றேன். அப்போதே நான் சொன்னது சரி. யார் வீட்டிலோ தண்ணீர் புகுந்ததைக் காட்டி எனக்கு நியாயம் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்தில் முதலாளி எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்து அவரே என் முன்னால் நகர்த்தி வைத்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், சனங்க கடலுக்குன்னு வாராங்க. நாம கடலத்தான் விக்கிறோம். வித்துப்போட்டு, தொடாதீங்கன்னா எப்படிங்க?"

"நாம பஸ்ஸத்தானுங்க விக்கிறோம். கடல் நம்முளுது இல்லீங்களே."

அதற்கு அவர், நாச்சிமுத்து ஐயாவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், இத்தோடு முடிந்துவிடும் என்றார். எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்தியதற்குக் கேட்கிறேன் என்றேன். குழந்தையைப் பிடுங்கியதற்கும் சேர்த்துத்தான் என்றார். அதற்குக் கேட்க மாட்டேன் என்றேன். டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

என்னை டூரிலிருந்து எடுத்து டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார். மழைக்காலம் போய், தை போய், மறு சித்திரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ்கள் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருக்கலாம். வீட்டில்கூட, ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை கடற்கரையில் எந்த வாயை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வேன்?

திரும்ப என்னை டூருக்கு அனுப்பியது முதலாளியின் இரக்கம் இல்லை. பெண்கள். மில் பெண்கள், மகளிர் குழுப் பெண்கள், பிள்ளைகளோடு வருகிற அம்மாக்கள். அந்தக் கொழந்தையப் புடுங்குன அக்கா வருவாங்களா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போட்டார்கள். வரவில்லை என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்து யார் இந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் முதலாளி கவுன்டருக்கே வந்து நின்றார். நீங்க செஞ்சது தப்புத்தானுங்க அம்மிணி, ஆனா நாளைக்குக் கன்னியாகுமரி வண்டிக்கு நீங்கதான் போகோணும் என்றார். அவர் தப்பு என்றதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மிணி என்றதை ஒத்துக்கொண்டேன். மறுநாள் விடியக் காலையில் அவர் கண்ணாடி துடைத்துவிட்டுக் கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்தார். மல்லூரில் இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசிவரை அதற்குமேல் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

இப்போது பிரியாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும். உங்கள் கையில் இருக்கும் போனில் அலை எவ்வளவு உயரம், எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை இடைவெளியில் வருகிறது என்றெல்லாம் கலர் கலராக வருகிறது. எனக்கு அந்தக் காலத்தில் அது கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது. தினமும் பாருங்கள். ஆனால் பஸ் நிறைய ஆட்களை நிறுத்தி வேண்டாம் என்று அந்தப் போன் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டுவார்கள். அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அதனால் உங்களைப் பைத்தியம் என்பார்கள். மழைக்கால டூருக்குத் தைரியம் சொல்லி எழுதச் சொன்னீர்கள். மேட்டிலிருந்து கடலைப் பார்க்கத்தான் கூட்டிப் போகிறோம், தண்ணீரில் இறங்க முடியாது என்று விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். போட்டால் நானே வந்து கூட்டிப் போகிறேன். போட மாட்டோம் என்றால், ஆடியில் கோவளத்துக்கு ஆள் சேர்க்க என் பெயர் வேண்டாம்.

நாச்சிமுத்து ஐயாவைப் போன ஐப்பசியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெண் வீட்டார் எனக்குப் பழக்கம். அவர் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், எங்க டூரைக் கெடுத்த மகராசி இவங்கதான் என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு ஒண்ணும் ஆகல. ஆச்சா? நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகலீங்கய்யா."

"அப்பறம் எதுக்கு அத்தன ஆட்டம் ஆடுனீங்க?"

"இன்னிக்குக் கூட்டிட்டுப் போனாலும் அதேதானுங்க ஆடுவேன்."

அவர் மறுபடி சிரித்தார். விடுவதாக இல்லை. வருகிற சித்திரையில் எல்லோரும் மறுபடி கோவளம் போகப் போகிறோம், இந்தத் தடவை நீங்கள் இல்லை, நிம்மதியாகக் கால் நனைப்போம் என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோமதி. தலையில் அங்கங்கே நரை. பக்கத்தில் பாவாடை தாவணியில், அவளைவிட உயரமாக, தர்ஷினி.

"சித்திரையில இல்லீங்க மாமா. தையிலதான் போறோம். டிக்கெட்டுப் போட்டாச்சு."

பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கலீங்க மாமா."

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நிற்கக் கையை நீட்டினார். ஒரு பக்கம் தர்ஷினி பிடித்துக்கொண்டாள், இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். பந்தியில் தனக்குப் பக்கத்தில் எனக்கு இலை போடச் சொன்னார்.